தெருவில் ஒரு பங்கு: பாலக்காட்டின் பழைய குடியிருப்புகளில் சிறு வீடு வாங்குவது

2024 நவம்பரில் பாலக்காடு சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. வாக்குப்பதிவு 13ஆம் தேதி என்று முதலில் அறிவித்தார்கள். அதே நாள்களில் நகரின் பழைய அக்கிரகாரமான கல்பாத்தியில் தேர்த் திருவிழா. கட்சிகள் முறையிட்டன, தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை 20ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது. ஒரு தொகுதியின் தேர்தல் நாளையே மாற்றவைத்த அந்தத் தெருக்களில் இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. அவற்றை ஒட்டிய சாலைகளில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. "கிராமத்துல ஒரு சின்ன வீடு கிடைக்குமா?" என்று விசாரிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். பாலக்காட்டுத் தமிழர்கள் அக்கிரகாரத்தைக் கிராமம் என்றுதான் சொல்வார்கள், அது நகரசபை வார்டாகிப் பல காலம் ஆன பிறகும்.

விசாரிப்பவர்கள் மூன்று வகை. மும்பையிலும் சென்னையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்ப நினைப்பவர்கள் ஒரு வகை. 2015இல் தொடங்கிய ஐஐடி, அரசு மருத்துவக் கல்லூரி, கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை ஆகியவற்றில் வேலைக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. பாலக்காட்டுப் புதுசேரிப் பஞ்சாயத்துப் பகுதியில் 1,710 ஏக்கரில் 3,806 கோடி ரூபாய்ச் செலவில் தொழில் நகரம் அமைக்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகு இவர்கள் இன்னும் பெருகுவார்கள் என்று தரகர்கள் கணக்குப் போடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்து எல்லைத் தமிழ்க் குடும்பங்கள் மூன்றாம் வகை. பிள்ளைகள் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் டவுனில் ஓர் இருப்பிடம் தேடுபவர்கள் இவர்கள்.

சதுர அடி என்ன விலை என்றுதான் எல்லோரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். பழைய தெருவில் சிறு வீடு வாங்குபவர் எல்லாவற்றையும் முழுதாக வாங்குவதில்லை. சுவரில், கூரையில், கிணற்றில், நிலத்தில், சில சமயம் உரிமையிலேயே ஒரு பங்கைத்தான் வாங்குகிறார். யாரோடு, எதில், எந்தக் காகிதத்தின்படி பங்கு என்பது தெளிவானால் விலை பற்றிய பேச்சு தானே எளிதாகிவிடும். இந்தக் கட்டுரை அந்தப் பங்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

தெரு உருவான விதம்

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் 1425இல் எழுந்தது. சேகரிபுரத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து பாணலிங்கம் கொண்டுவந்தார் என்றும், பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொற்காசுகளைக் கொடுத்துக் கோயில் கட்டச் செய்தார் என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. ஆற்றங்கரையை ஒட்டிப் புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் என்று தெருக்கள் வளர்ந்தன. நூரணி, வடக்கந்தரை, லட்சுமிநாராயணபுரம், கொடுந்திரப்புள்ளி என்று நகரைச் சுற்றிலும் இதே அச்சில் கிராமங்கள் உண்டு. கணவாய் வழியாகத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர்த் தெருவின் வடிவத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அந்த வடிவம் சிக்கனமானது. தெருப்பக்கம் குறுகிய முகப்பு. உள்ளே நீண்டுகொண்டே போகும் வீடு. வாசல் திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, பின்னால் கொட்டில், கொல்லை, கிணறு. மேலே மரத்தால் ஆன மச்சு. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் இடையில் சந்து கிடையாது, ஒரே சுவர்தான். ஓட்டுக் கூரையும் அடுத்த வீட்டோடு தொடர்ந்து ஓடும். காகிதத்தில் நாற்பது வீடு என்றாலும் கட்டுமானத்தில் தெரு முழுவதும் ஒரே கட்டடம்.

இந்த வீடுகளின் பொருளாதாரம் வயலில் இருந்தது. தெருவில் இருந்தவர்களில் பலர் நெல் வரும்படியை நம்பி வாழ்ந்தவர்கள். 1956 நவம்பர் 1 வரை மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது. மலம்புழை அணையை 1955இல் திறந்துவைத்தவர் காமராஜர். கேரளம் உருவான பிறகு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969 திருத்தத்தோடு 1970 ஜனவரி 1 முதல் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. குத்தகைதாரர்கள் நிலத்துக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். நியாயமான மாற்றம் அது. அதன் மறுபக்கத்தில், வரும்படி நின்றுபோன தெருவிலிருந்து இளைஞர்கள் மும்பை மாட்டுங்காவுக்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறினார்கள். படிப்பும் உத்தியோகமும் தேடி அதற்கு முன்பே தொடங்கியிருந்த வெளியேற்றம் அதன்பின் வேகம் பிடித்தது. வயல் போய் வீடு மட்டும் மிஞ்சியது. விற்பனைக்கு வரும் வீடுகளில் பலவற்றின் கதை இதுதான்.

யாருடைய தெரு

பாரம்பரியம் என்று பேசும்போது பலரும் தாண்டிப் போகும் ஒரு பக்கம் உண்டு. இந்தத் தெருக்களில் எல்லோரும் நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. வைக்கம் போராட்டம் நடந்த அதே 1924இல், பொதுச் சாலைகள் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை அரசு தெளிவுபடுத்திய பின், தேர்த் திருவிழாச் சமயத்தில் ஈழவர்கள் சிலர் கல்பாத்தித் தெருவில் நுழைந்தார்கள், அடித்துத் துரத்தப்பட்டார்கள். அதன்பின் ஆரிய சமாஜம் அங்கே களமிறங்கியது. மதம் மாறினால் நடக்கலாம், மாறாவிட்டால் கூடாது என்ற விசித்திர நிலை சட்டசபை வரை விவாதமானது.

இன்று தெரு பொதுத்தெரு. வீடு யாருக்கும் விற்கலாம். சட்டத்தில் தடை இல்லை. நடைமுறையில் வீடு விற்பனைக்கு வந்த செய்தி முதலில் உறவுக்குள், பிறகு கிராம ஜன சமூகத்துக்குள், அதன் பிறகே தரகரிடம் போகிறது. மாடிக் குடியிருப்புகளிலும் 'சைவம் மட்டும்' என்ற எழுதாத நிபந்தனையோடு விளம்பரங்கள் வருகின்றன. உறுப்பினர்களை ஒரு சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுவசதிச் சங்க விதியை, பார்சி சமூகத்தின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது. எனவே ஃப்ளாட் வாங்குபவர் சங்கத்தின் துணைவிதிகளை வாங்கும் முன்பே கேட்டுப் படிக்க வேண்டும். நாளை தனக்கே விற்க நேர்ந்தால் யாருக்கு விற்கலாம், யாருக்கு வாடகைக்கு விடலாம் என்பது அதில் இருக்கும்.

இரண்டு வகைப் பங்கு

தெருவில் உள்ள வரிசை வீடு, தெருவை ஒட்டி எழும் அடுக்குமாடி: வாங்குபவர் முன்னால் இருப்பவை இவை இரண்டுதான். முதலாவதில் மண் முழுதாக உங்களுடையது, கட்டடத்தில் பங்கு. இரண்டாவதில் கதவுக்குள் உங்களுடையது, மண்ணில் பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்து சென்ட் மனையில் பன்னிரண்டு ஃப்ளாட் கட்டிச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப்பங்கு 363 சதுர அடி, ஒரு சென்டுக்கும் குறைவு. நான்கு சென்ட் வரிசை வீட்டில் 1,742 சதுர அடி மண் உங்கள் பெயரில் இருக்கும். முப்பது நாற்பது ஆண்டு கழித்துக் கட்டடம் பழசாகும்போது மதிப்பு நிற்பது மண்ணில்தான். 'ஃப்ளாட் விலை ஏறும்' என்பவர்கள் பெரும்பாலும் மண் விலையைத்தான் சொல்கிறார்கள்.

பரப்பளவிலும் இதே கவனம் வேண்டும். விளம்பரத்தில் 900 சதுர அடி என்பது படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையெல்லாம் சேர்த்த அளவு. கம்பளப் பரப்பு, அதாவது உள்ளே காலால் அளக்கக்கூடிய இடம், 650 பக்கம் வந்து நிற்கலாம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி விற்பனை கம்பளப் பரப்பின் அடிப்படையில் நடக்க வேண்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ கே-ரெராவில் (கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு கட்டாயம். பழைய நகரத்தின் சிக்கல் இங்கேதான். மனைகள் சிறியவை என்பதால் ஆறு வீடு, எட்டு வீடு என்று பதிவு வரம்புக்குள் வராமல் கட்டப்படும் சிறு கட்டடங்களுக்கு நிறைய வாய்ப்பு உண்டு. அவற்றை வாங்குபவருக்கு அந்தச் சட்டத்தின் பதிவுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. தானே விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். 1983ஆம் ஆண்டு கேரள அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி உரிமையாளர் பிரகடனம் பதிவாகியிருக்கிறதா, சங்கம் முறையாக அமைந்திருக்கிறதா என்பதே அங்கே முதல் கேள்வி.

வரிசை வீட்டின் பங்கு சுவரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டினால் உங்கள் உத்தரம் ஊன்றியிருக்கும் சுவர் தாங்குமா என்பது தினசரிக் கவலையாகலாம். வசதியுரிமைகள் (ஈஸ்மென்ட்) பற்றிய 1882ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வெளிச்சம், காற்று, தாங்குதல் ஆகியவற்றுக்கு உரிமை தருகிறது. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் போக வேண்டும். அதனால் வாங்கும்போதே பொதுச் சுவர் எது, கூரை நீர் எந்தப் பக்கம் விழும், கிணறு யாருக்கெல்லாம் என்று ஆதாரத்தின், அதாவது கிரயப் பத்திரத்தின், எல்லை விவரத்தில் எழுதிக்கொள்வது நல்லது. 2022 நவம்பர் 1இல் தொடங்கிய டிஜிட்டல் மறுஅளவை முடிந்த கிராமமாக இருந்தால், அந்த வரைபடத்தோடு ஆதாரத்தை ஒப்பிட வேண்டும். பழைய அளவும் புதிய அளவும் ஒத்துப்போகாத இடங்களில் தகராறு காத்திருக்கிறது.

காகிதம்

தமிழ்நாட்டில் வீடு வாங்கிப் பழகியவர்களுக்குப் பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் தெரியும். எல்லை தாண்டினால் பெயர்கள் மாறும். தீராதாரம் (கிரயப் பத்திரம்), முன்னாதாரம் (தாய்ப்பத்திரம்), குடிக்கடச் சான்று (வில்லங்கம்), போக்குவரவு (பெயர் மாற்றம்), தண்டப்பேர் (நில உரிமையாளர் கணக்கு), கரம் அடைத்த ரசீது (நிலவரி ரசீது). வேலை ஏறத்தாழ ஒன்றுதான். மலபாரில் கூடுதலாக ஒன்று வேண்டும். பழைய வீட்டு மனைகள் பல ஜன்மிக்கோ (நிலக்கிழாருக்கோ) தேவஸ்வத்துக்கோ உரியவையாக இருந்து, நிலச் சீர்திருத்தத்தின்போது லேண்ட் ட்ரிபியூனல் தந்த கிரய சர்ட்டிபிகேட் மூலம் குடியிருந்தவருக்குச் சொந்தமானவை. அந்தச் சான்று இல்லாமல் வெறும் கைமாற்ற ஆதாரங்கள் மட்டும் இருந்தால், விற்பவரிடம் இருப்பது முழு உரிமையா என்று வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கிரகார வீடுகளில் பெரிய சிக்கல் வாரிசுகள். கேரளத்தில் இந்து கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்த 1975ஆம் ஆண்டுச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது. அன்றைக்குக் குடும்பத்தில் பிறப்புரிமை பெற்றிருந்த ஒவ்வொருவரும் தனித்தனிப் பங்காளி ஆனார்கள். தாத்தா பெயரில் வரி கட்டிவரும் வீட்டுக்கு அன்று இருந்த மகன்கள், பேரன்கள், அவர்களின் வாரிசுகள் என்று பட்டியல் நீளும். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், 2005 வாரிசுரிமைத் திருத்தத்தோடு இந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் முரண்படுகின்றன என்றது. 2004 டிசம்பர் 20க்குப் பிறகு இறந்தவரின் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. 'அக்காமார் எல்லாம் கேட்க மாட்டா' என்ற வாய்மொழி உறுதியை நம்பிப் பணம் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு பங்காளியும் கையெழுத்திட வேண்டும். அல்லது பாகப் பிரிவினையோ ஒழிமுறியோ (விடுதலைப் பத்திரமோ) ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும்.

பங்காளிகளில் ஒருவர் நியூஜெர்சியில் இருப்பார், இன்னொருவர் சிங்கப்பூரில். பவர் ஆஃப் அட்டர்னி உரிய சான்றோடு வர வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் பொதுவாக அது செல்லும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருக்கு உண்டு. உள்நாட்டு விற்பனைக்கான 50 லட்ச வரம்பு அங்கே பொருந்தாது. இதைத் தெரியாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் வரித்துறை நோட்டீஸ் வாங்கியவர் பெயருக்குத்தான் வரும்.

தடைகளும் அனுமதிகளும்

கல்பாத்தியைக் கேரள அரசு பாரம்பரியக் கிராமமாக அறிவித்திருக்கிறது. பாரம்பரியப் பகுதியில் இடிப்பது, முகப்பை மாற்றுவது, புதிதாகக் கட்டுவது எல்லாவற்றுக்கும் நகரசபைச் செயலர் கலை, பாரம்பரிய ஆணையத்தின் கருத்தைக் கேட்டே அனுமதி தர முடியும். நோக்கம் சரியானது. ஆனால் ஒரு கூரைக் கழி மாற்ற எத்தனை அலுவலகம் ஏற வேண்டும் என்ற அலுப்பும் உண்மையானது. குடியிருப்பவர் செலவில் தெரு பாதுகாக்கப்படுகிறது. வருகிறவர்கள் படம் எடுத்துப் போகிறார்கள். வாங்க நினைப்பவர் முதலில் ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்: வீட்டை வாங்கினாலும் முகப்பு உங்கள் இஷ்டத்துக்கு இல்லை.

கோட்டைப் பக்கம் இன்னொரு சட்டம். ஹைதர் அலி 1766இல் எடுத்துக் கட்டிய பாலக்காட்டுக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது; அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். கோட்டை மைதானத்தைப் பார்த்த ஃப்ளாட் என்றால் இந்தத் தூரத்தை அளந்துதான் பேச வேண்டும்.

நகர ஓரத்துக்கு வந்தால் நெல்வயல். 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி டேட்டா பேங்கில் (வயல்களின் அரசுப் பட்டியலில்) இருக்கும் வயலில் பொதுவாகக் கட்டடம் எழுப்ப முடியாது. கிராம அலுவலகப் பதிவேட்டில் மனை 'புரயிடம்' (கரைநிலம்) என்று இருக்கிறதா, 'நிலம்' என்று இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். நிலம் என்றிருந்தால் அங்கே அது வயல்.

அனுமதி இருந்ததே என்று பின்னால் சொல்லிப் பயனில்லை. கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிகளுக்கும் உள்ளாட்சியின் அனுமதி இருந்தது. வங்கிகள் கடன் கொடுத்திருந்தன. கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டதால் காகிதம் சுத்தம் என்ற நம்பிக்கைக்கு மரடு பதில் சொல்லிவிட்டது.

பணம்

கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 4 லட்சம் பதிவுக்கே போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும் வங்கி தரலாம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆகவே அந்த 4 லட்சம் கையிலிருந்துதான்.

30 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000. மொத்தமாகக் கட்டுவது 65 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே வீட்டின் வாடகை எவ்வளவு என்று தெருவில் விசாரித்துப் பாருங்கள். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால், வாங்குவதற்கு முதலீடு தவிர வேறு காரணம் இருக்க வேண்டும்.

கட்டி முடியாத ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 45 லட்சத்துக்குள், பாலக்காடு போன்ற நகரத்தில் 90 சதுர மீட்டர் கம்பளப் பரப்புக்குள் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கும் மறுவிற்பனை வீட்டுக்கும் வரி இல்லை. பழைய வரிசை வீட்டில் இந்த லாபம் உண்டு. ஆனால் மண்சுவர், சுண்ணாம்புக் காரை, ஓட்டுக் கூரை கொண்ட வீட்டுக்கு வங்கி மதிப்பீட்டாளர் கட்டட மதிப்பைக் குறைத்துத்தான் போடுவார். கரையான் அரித்த உத்தரம், மழைக்கு ஒழுகும் ஓடு, கிடைக்காத மரவேலைக்காரர் ஆகியவற்றுக்கு விலையைத் தாண்டித் தனியே ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

வாழ்வது

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். மேல்தளத்து ஃப்ளாட்டில் கான்கிரீட் கூரை இரவு முழுக்க வெப்பத்தைக் கக்கும். ஓட்டு வீட்டின் உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் அந்தக் கோடையை அறிந்து கட்டியவை. மாறாக, கார்த்திகை முதல் மாசி வரை கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று ஓட்டிடுக்கில் புழுதியைக் கொட்டும். வீட்டைக் கோடையில் ஒருமுறை, காற்றுக்காலத்தில் ஒருமுறை பார்த்தால் இரண்டும் புரிந்துவிடும்.

மழையிலும் பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் மலம்புழை அணையின் ஷட்டர்கள் திறந்தபோது கல்பாத்தியாறு பெருகி, நகரின் தாழ்வான குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. ஆற்றைப் பார்த்த பால்கனி என்று விற்பவர் சொன்னால், அந்த ஆகஸ்டில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தெருவில் வீடு வாங்கினால் தெருவின் நாள்காட்டியும் சேர்ந்து வரும். ஐப்பசிக் கடைசியில் தேர் நாள்களில் வண்டி உள்ளே வராது. மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் தேர்கள் கூடும்போது திண்ணை முழுவதும் மனிதர்கள். கார் நிறுத்த இடம் பல வீடுகளில் எப்போதும் கிடையாது. முதியவர்களுக்கு உயர்ந்த படிகளும் இருட்டு ரேழியும் சிரமம். லிஃப்ட் உள்ள ஃப்ளாட் அவர்களுக்கு வசதி. ஆனால் விழுந்தால் எடுத்துவிட அடுத்த வீட்டுக் கதவு திறந்திருப்பது எங்கே என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலைப்பக்கம்

கேரளத்துத் தமிழர்கள் வாழும் இன்னொரு பக்கமான இடுக்கி எல்லையில் கேள்வியே வேறு. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வீடு லயம். அது கம்பெனியின் சொத்து. வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம், வாங்கவோ விற்கவோ முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. ஓய்வுக்குப் பிறகு எங்கே போவது என்ற கேள்விக்கு அங்குள்ள குடும்பங்கள் பல போடியிலும் தேனியிலும் உடுமலையிலும் மனை வாங்கிப் பதில் தேடியிருக்கின்றன.

மூணாறு, குமுளி போன்ற ஊர்களில் ஃப்ளாட் என்று விளம்பரம் வந்தால் முதலில் பட்டயத்தின் வகையைக் கேட்க வேண்டும். 1964ஆம் ஆண்டு விதிகளின்படி அரசு பதித்துக்கொடுத்த நிலம் சாகுபடிக்கும் குடியிருப்புக்குமானது. அதில் விற்பனைக்கோ விடுதிக்கோ மாடி எழுப்பினால் நிபந்தனை மீறல். மூணாற்றைச் சுற்றிய கிராமங்களில் கட்டுமானத்துக்கு வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பது 2010இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. மீறல்களை முறைப்படுத்த 2023இல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. முறைப்படுத்தப்பட்டு முடிந்ததைக் காகிதத்தில் பார்த்த பிறகே பணம் எடுக்க வேண்டும். 'ஆகிவிடும்' என்பது போதாது.

மற்ற ஊர்கள் சொல்வது

மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றியிருந்த வீடுகள் பெரும்பாலும் ஃப்ளாட்டாகிவிட்டன. அங்கே மக்கள் தங்கினார்கள், தெருவின் உருவம் போனது. சிங்கப்பூர் 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக்கிக் கடைவீடுகளின் முகப்பைக் காப்பாற்றியது. அக்கிரகாரம் போலவே பொதுச்சுவர் கொண்ட அந்த வீடுகள் இன்று பெரும்பணக்காரர் வாங்கும் பொருள். உருவம் தங்கியது, பழைய குடியிருப்பாளர்கள் போனார்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முடிவுக்கு வந்ததும் பழைய வாடகைதாரர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்த பிறகு தெருக்களில் விடுதிகள் நிறைந்தன. இலங்கையின் காலிக் கோட்டைக்குள்ளும் ஏறக்குறைய இதே கதை.

புதுச்சேரியின் தமிழர் பகுதி நடுவழி ஒன்றைக் காட்டியது. வைசியாள் தெருவில் திண்ணைகளையும் தூண்களையும் சீரமைத்த பணிக்கு யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது 2008இல் கிடைத்தது. அங்கே தனித்தனி வீட்டை விட்டு, முழுத் தெருவையும் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டார்கள். செலவில் வெளியுதவி இருந்தது. கல்பாத்தியில் கட்டுப்பாடு பொதுவாக இருக்கிறது, செலவு மட்டும் தனித்தனி வீட்டுக்காரர் தலையில் இருக்கிறது.

முடிவாக

தன் பெயரில் சுத்தமான ஆதாரம், எல்லாப் பங்காளிகளின் கையெழுத்து, பழுதுபார்க்கத் தனித் தொகை, குறைந்தது பத்தாண்டு அங்கேயே வாழும் எண்ணம்: இவை நான்கும் இருப்பவர் வரிசை வீட்டை வாங்கலாம். பாதி ஆண்டு வெளியூரில் இருப்பவருக்கும் தனித்து வாழும் முதியவருக்கும் கே-ரெரா பதிவுள்ள, நிறைவுச் சான்று பெற்ற, தெருவுக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஃப்ளாட் பொருத்தம். எதுவானாலும் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து கோடையும் மழையும் தேரும் பார்த்துவிட்டு வாங்குவது மலிவான காப்பீடு. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்குபவருக்கு இந்தத் தெருக்கள் ஏற்ற இடமல்ல. பூட்டிக் கிடக்கும் வீடு அக்கம்பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பழுதாக்குகிறது.

அரசு செய்யக்கூடிய ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பழைய வீடுகள் நீளமானவை. தெருப்பக்கம் ஒரு குடும்பம், கொல்லைப்பக்கம் ஒரு குடும்பம் என்று முகப்பைத் தொடாமல் இரண்டாகப் பிரித்தால் இரண்டு சிறு வீடுகள் கிடைக்கும். அப்படிப் பிரித்துப் பதிவுசெய்யவும், முன்னரே ஏற்கப்பட்ட மாதிரி வரைபடங்களின்படி பழுதுபார்க்கவும், அதற்குக் குறைந்த வட்டியில் கடன் பெறவும் நகரசபையும் கலை, பாரம்பரிய ஆணையமும் கூட்டுறவு வங்கிகளும் சேர்ந்து ஒரு வழி வகுத்தால், தெருவுக்குள்ளேயே சிறு வீடு கிடைக்கும். நகரம் வேலைக்கு ஆள் சேர்க்கிறது. நடுவில் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. இரண்டையும் இணைக்கத் தேவையானது சுவரை இடிப்பது அல்ல, பங்குகளைச் சரியாக எழுதித் தருவது.